மத்தியான உடுப்பு

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே தெருவில் அவளுக்கு ‘மேட்சிங்’ என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வைத்த பெயர் என்று கேட்டால் எதிர்வீட்டுத் தையல்காரம்மா தான்தான் என்பாள். சைக்கிள் கடைக்காரரும் தான்தான் என்பார். இரண்டு பேருமே கூசாமல் பொய் சொல்லக்கூடியவர்கள். ஆனால் பெயர் பொருந்திப் போனதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வாசலில் இறங்கினால், தலையில் குத்திய கிளிப்பின் நிறம் செருப்பு வாரிலும் இருக்கும். தொங்கட்டான் பச்சை என்றால் கைப்பையின் ஜிப்பிலாவது ஒரு பச்சை நூல் தொங்கும். பணத்தை வாரி இறைக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கிளிப்புக்கு நகப்பூச்சு அடித்து நிறம் மாற்றுவாள், அறுந்த மாலையின் மணிகளைக் கோர்த்து வளையலாக்கிக்கொள்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கவுண்டரில் நிற்கும்போது பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்வாள், அதுவும் உடுப்புக்குத் தகுந்தபடி மாறும். அவள் முகத்தில் பார்த்து மயங்கி அதே ஃப்ரேமை வாங்கிப்போய், வீட்டில் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த மேட்சிங்கைத் தெரு பார்த்துப் பல மாதமாகிவிட்டது. ஊரை விட்டுப் போகவில்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறாள். எப்போதாவது கதவு கொஞ்சம் திறந்து, குப்பைக் கூடையை வெளியே வைக்கிற கை மட்டும் தெரியும். கையோடு காப்பிக் கலர் துணி கொஞ்சம் தெரியும், அதில் வெள்ளைப் பூ. “செத்துப்போன லாண்டரிக்காரம்மாவே வந்து கூடையை வைக்கிற மாதிரி இருக்கு” என்று தையல்காரம்மா ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே பயந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு பழைய லாண்டரியின் பின்பக்கம். கவுண்டர் இருந்த முன்னறை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் இஸ்திரி மேஜைகள் நின்றிருந்த நீள அறை. மேஜைகளை விற்றாகிவிட்டது, அங்கேதான் இப்போது மாமனாரின் கட்டில். வருஷக்கணக்கில் நீராவி குடித்த சுவர் உப்பிப் போய், விரல் பட்டால் சுண்ணாம்பு உதிரும். கூரையில் துணி மாட்டிய கம்பிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. அறையை ஒட்டி அடுப்படி, அதை ஒட்டிக் குளியலறை, மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் படுக்க ஓர் அறை. அவ்வளவுதான் வீடு. நடந்து முடிக்க அதிக நேரம் ஆகாது. மேட்சிங் அதைத்தான் காலையிலிருந்து ராத்திரி வரை நடந்துகொண்டிருந்தாள்.

மாமனார் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் அல்ல. எப்போதும் குனிந்த தலை, கையில் இஸ்திரிப் பெட்டி. அவருக்கு ஊர் முழுக்கத் துணியாகத்தான் தெரியும். “நீலக்கோடு போட்ட சட்டைக்காரருக்குக் கல்யாணமாம்” என்பார். “கிரீம் கலர் கோட்டுக்காரம்மா இளைச்சுப் போச்சு, இடுப்பைப் பிடிக்கச் சொல்லியிருக்கு” என்பார். பல வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர் ஒருநாள் புதுச் சட்டையில் வந்து நின்றபோது, “நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க?” என்று கேட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்கத் தெரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் போன பிறகும் துணி மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

லாண்டரியில் ஒரு சட்டம் உண்டு. துணி இருக்கிற இடத்தில் சாப்பாடு கூடாது, வாடிக்கைக்காரர் நிற்கும்போது வாயில் ஒரு பருக்கை போகக் கூடாது. ஒரு சொட்டுக் குழம்பு போதும், ஒரு வெள்ளைச் சட்டையைக் கெடுக்க. அதனால் மத்தியானம் அவருடைய மனைவி கவுண்டரை மூடி, உள்ளே வந்து, நடுக்கதவைச் சாத்திவிட்டுத் தட்டை நீட்டினால்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். அந்தம்மா வருஷம் முழுக்க ஒரே மாதிரிக் கவுன்தான் போடும். யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராமலே போன ஜன்னல் திரைகள், காப்பிக் கலரில் வெள்ளைப் பூ. சில வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, இனி வரமாட்டார்கள் என்று நாலு கவுனாகத் தைத்துக்கொண்டது. முன்பக்கம் பொத்தான், இரண்டு பக்கமும் ஊசியும் டோக்கனும் போட்டுக்கொள்ளப் பெரிய பை. நீராவிச் சூட்டுக்கு அது தோதான உடுப்புதான். ஆனால் அழகு என்று சொன்னால் வாய் வெந்துபோகும்.

அந்தம்மா ஒரு குளிர்காலத்துக் காலையில் போய்ச் சேர்ந்தது. வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்ததைப் பெரியவர் கிட்டே வந்து, விளிம்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். “இது நம்ம இஸ்திரி இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை மனைவி கவுண்டரில் இருக்கிறாள், இன்னும் உள்ளே வரவில்லை. அதனால் அவர் சாப்பிடவில்லை. மகன் கெஞ்சினான், மகள் அழுதாள், டாக்டர் ஊசி போட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு, “கடையில ஆள் நிக்குது, இப்ப என்ன சாப்பாடு?” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போய்விட்டது.

மகளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. மேட்சிங்கின் நாத்தனார் அவள். பீரோவைத் திறந்து ஒரு கவுனை எடுத்து, “அண்ணி, ஒரே ஒரு தடவை இதைப் போட்டுக்கிட்டு உள்ள போய்ப் பாருங்களேன்” என்றாள். ஏன் தானே போட்டுக்கொள்ளவில்லை என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் உடம்புக்குப் பொத்தான் மாட்டாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மேட்சிங் கவுனை மாட்டிக்கொண்டு, நடுக்கதவைச் சாத்திவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு போய் நின்றாள். பெரியவர் கவுனை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்வளவு நேரமா?” என்று வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானது. அடுப்படி வாசலில் நின்ற மகனும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மேட்சிங்கும் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

ஒரு தடவை என்றது அப்படியே நீண்டுவிட்டது. கஞ்சிக்கு ஒரு தடவை, முட்டைக்கு ஒரு தடவை, மாத்திரைக்கு ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கழற்றினாள். நடுவில் தன் உடுப்பில் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. “டோக்கன் குடுங்கம்மா” என்று கையை நீட்டுவார், அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தப் பொழுது போய்விடும். கடைசியில் கவுனைக் கழற்றுவதையே விட்டுவிட்டாள். ராத்திரியும் அதிலேயே படுத்தாள், அவர் எப்போது கூப்பிடுவார் என்று சொல்ல முடியாது. புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மாவின் கவுனில் பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருந்தால் அவனும்தான் என்ன செய்வான்? அவன் அதைச் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றிலும் சங்கடம் பேச்சில்தான். “மாமா” என்று கூப்பிட்டால் பெரியவர் யாரைக் கூப்பிடுகிறாள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். “ஏங்க” என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசக் கற்றுக்கொண்டாள்.

“இந்தா, அந்த மஞ்சள் சட்டைக்காரன் வந்தானா?” என்பார்.

“இன்னும் வரலை.”

“கறை போகலைன்னு சொல்லிடு. மறைக்காதே. எலுமிச்சம்பழம் போட்டும் போகலை.”

“சொல்லிடறேன்.”

“எங்க போறே?”

“அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

“இங்கயே நில்லு. நீ போனா திரும்ப வர நேரமாகுது.”

கவுன் பையில் கையை விட்டுப் பிடித்துக்கொள்வார். பிடி அப்படி ஒன்றும் பலமில்லை, உதறிவிட்டுப் போகலாம். உதற அவளுக்கு மனசு வராது. நின்ற இடத்திலேயே நின்று, அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆள் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸம்மா வந்தாள். பெரியவர் அவளை ஹோட்டலிலிருந்து துணி மூட்டை எடுக்க வந்தவள் என்று முடிவு கட்டி, வந்த நாளெல்லாம் உருப்படி எண்ணச் சொன்னார். கவுனைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று மேட்சிங் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நான் படிச்சிட்டு வேலை பார்க்க வந்தவம்மா. வேஷம் கட்ட வரலை” என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. விட்டுவிட்டுப் பெய்தாலும் பரவாயில்லை, அது விடாமல் நசநசவென்று பெய்தது. திரைத்துணி கனமானது, சுலபத்தில் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் கவுன்கள் தொங்கிக்கொண்டே இருக்கும். அரை ஈரத்தில் மாட்டிக்கொண்டால் தோளிலும் முதுகிலும் சொறி வந்தது. வீடு முழுக்க ஈரத்துணி வாடை, சாப்பாட்டிலும் அதே வாடை.

பெரியவர் மத்தியானக் கஞ்சி குடித்தால் தேநீர் நேரம் வரை தூங்குவார். அந்த நேரத்தைத்தான் மேட்சிங் தனக்கு என்று வைத்துக்கொண்டாள். முதலில் சும்மா ஒரு தொங்கட்டானில் ஆரம்பித்தது. துவாரம் தூர்ந்துபோகுமோ என்ற பயத்தில் ஒருநாள் காதில் மாட்டிப் பார்த்தாள். பச்சைத் தொங்கட்டானுக்குக் கீழே காப்பிக் கலர் கவுன் பல்லை இளித்தது. சரி என்று கவுனைக் கழற்றி, வெள்ளைச் சட்டையும் பச்சைப் பாவாடையும் போட்டாள். போட்டபின் தலை சரியில்லை. தலை வாரியபின் கால் சரியில்லை. அன்றைக்கு முழுசாகக் கிளம்பி முடிக்கவும் பெரியவர் இருமவும் சரியாக இருந்தது. ஓடிப்போய் மறுபடி கவுனை மாட்டினாள்.

மறுநாள் சீக்கிரம் ஆரம்பித்தாள். அதிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. காலையில் கஞ்சி கிண்டும்போதே இன்றைக்கு என்ன போடலாம் என்று யோசிப்பாள். ஊதாச் சட்டை என்றால் சாம்பல் பாவாடை, வெள்ளி வளையல், கழுத்தில் ஊதாவும் வெள்ளையும் கலந்த சின்ன ஸ்கார்ஃப். கைப்பையில் சீப்பு, கைக்குட்டை, குடை எல்லாம் எடுத்து வைப்பாள். உதட்டுக்குச் சாயம், கண்ணுக்கு மை, மூக்கில் பவர் இல்லாத கண்ணாடி. செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்வாள், சத்தம் வராமல் முன்னங்காலில் நடப்பாள். எல்லாம் முடிந்து, குளியலறைக் கண்ணாடியில் ஒரு தடவை முன்னாலும் ஒரு தடவை பின்னாலும் பார்த்துக்கொண்டு, அடுப்படிக்கு வந்து ஸ்டூலில் உட்காருவாள். பெரியவர் அசைந்தால் கேட்க வேண்டுமே என்று கதவைப் பாதி திறந்து வைத்திருப்பாள். மடியில் கைப்பையை வைத்துக்கொள்வாள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் கிடையாது. மழை பெய்துகொண்டிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இது புருஷனுக்குத் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக், மத்தியானத்தில் வீட்டில் இருக்கிறவன் இல்லை. தெரிந்தால் சிரிப்பானோ, பைத்தியம் என்று நினைப்பானோ என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே சில நாள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த நேரம் இல்லாவிட்டால் மிச்ச நேரத்தைத் தள்ள முடியாது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் போன் வந்தது. கண்ணாடிக் கடை முதலாளியம்மா.

“நீ உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேம்மா.”

“ஏன் ரகசியமாப் பேசறே?”

“மாமா தூங்கறார்.”

“நல்லாத் தூங்கட்டும். இங்க பாரு, ஸ்டேஷன் பக்கம் புதுக்கடை போடறேன். கவுண்டர் பொறுப்பு முழுக்க உனக்கு. திங்கக்கிழமை காலைல வந்து நில்லு.”

“அம்மா, ஒரு வாரம் டைம் குடுங்களேன்.”

“போன தடவையும் ஒரு வாரம்னுதான் சொன்னே, அதுக்கு முந்தின தடவையும். என் அக்கா மருமக ஒருத்தி வரேன்னு நிக்கிறா. வட்ட மூஞ்சிக்கு வட்ட ஃப்ரேமைக் குடுப்பா, அவ்வளவு அறிவு. ஆனா வருவா. நீதான் வரமாட்டேங்கறே.”

மேட்சிங் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“என்ன போட்டிருக்கே இப்போ?” என்று திடீரென்று கேட்டாள் முதலாளியம்மா.

“ஊதாச் சட்டைம்மா. சாம்பல் பாவாடை. வெள்ளி ஃப்ரேம்.”

“வீட்டுலயா?”

“ம்.”

“திங்கக்கிழமை” என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளியம்மா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாராவாரம் வருவாள், கையில் பழமும் வாயில் பாராட்டும். குடையை மடக்கிக்கொண்டே அடுப்படிக்குள் வந்து நின்றாள்.

“அண்ணி, பின்னாடியிருந்து பார்த்தா அப்படியே அம்மாதான். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

“முன்னாடி வந்து பாரு, எனக்கும்தான் கலங்கியிருக்கு” என்றாள் மேட்சிங், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “நேத்துகூட என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். எங்க அண்ணி மாதிரி யாரு இருப்பா, இந்தக் காலத்துல? எப்படி ஷோக்கா திரிஞ்சவங்க, அப்பாவுக்காக எல்லாத்தையும் விட்டுட்டாங்கன்னு.”

“நான் விடலை. வாங்கி வச்சுக்கிட்டீங்க.”

மேஜையில் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் தலையைத் தூக்கினான். “காலைலேயே ஆரம்பிக்காதே.”

“ஆரம்பிக்கலைங்க, முடிக்கத்தான் பார்க்கறேன். நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்.”

சொல்லிவிட்டு, அடுப்பில் கொதித்த முட்டையை இறக்கி வைத்தாள்.

“அப்பாவை யாரு பார்ப்பா?” என்றான் அவன்.

“நீங்க உங்க கம்பெனில நைட் ஷிஃப்ட் கேளுங்க. பகல்ல நீங்க, ராத்திரில நான்.”

“நான் பார்க்க மாட்டேன்னா சொன்னேன்? என்கிட்ட சாப்பிட மாட்டாரே. உனக்குத் தெரியாதா? உன் கை ராசி அப்படி.”

“என் கையா?” மேட்சிங் கரண்டியைக் கீழே வைத்தாள். “போன வாரம் நாலு கவுனும் ஈரமாக் கிடந்துச்சு. என் சட்டையிலதான் கிண்ணத்தை எடுத்துட்டுப் போனேன். இதே கைதான். ‘டோக்கன் குடுங்கம்மா’ன்னாரு. பொழுது சாயற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கலை. சொட்டச் சொட்ட ஈரக் கவுனைப் போட்டுக்கிட்டுப் போனப்புறம்தான் வாயைத் திறந்தாரு. அவர் என்கிட்ட சாப்பிடலைங்க. கவுன்கிட்ட சாப்பிடறார். உள்ள இருக்கறது யாரா இருந்தா அவருக்கென்ன?”

“அதுக்கு?”

“அதுக்கு நாலு கவுன் இருக்கு. இங்க மூணு பேரு இருக்கோம்.”

நாத்தனார் சிரித்தாள். சிரித்த பிறகு வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள். “எனக்கு எப்படி அண்ணி முடியும்? பிள்ளைங்க ஸ்கூலு, அவருக்குச் சாப்பாடு... நான் ரெண்டு பஸ் மாறி வரணும். மழை வேற” என்று இழுத்தாள். பஸ் என்றதும் பஸ் நேரம் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொண்டுவந்த பழம் மேஜையில் இருந்தது.

புருஷன் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா? நான் கவுன் போடறதா? ஆம்பளை.”

“அது ஜன்னலுக்கு எடுத்த துணிங்க. அதுக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது.”

“விளையாடாதே.”

“நான் எங்க விளையாடறேன்? லிஃப்ட்ல எவனாவது மாட்டிக்கிட்டான்னு போன் வந்தா, சோத்துல வச்ச கையை உதறிட்டு ஓடறீங்க. ‘பதறாதீங்க, கதவைத் தட்டாதீங்க, இதோ வந்துட்டேன்’னு செருப்பு மாட்டறப்பவே சொல்றீங்க. முன்னப் பின்ன தெரியாதவங்களுக்கு. இத்தனை மாசத்துல ஒருநாள், ஒரே ஒருநாள் என்கிட்ட அதைச் சொல்லியிருக்கீங்களா?”

அவன் திருப்புளியை எடுத்தான், வைத்தான். “எனக்கு மட்டும் ஆசையா? அம்மா துணியில உன்னைப் பார்க்க முடியலை. திரும்பிப் படுத்துக்கறேன்ல? பின்ன எதுக்குன்னு நினைச்சே?”

“பார்க்க முடியலைன்னு நீங்க திரும்பிப் படுத்துக்கறீங்க. நான் எங்கங்க திரும்பறது? நான் உள்ள இருக்கேன்.”

உள்ளே பெரியவர் கூப்பிட்டார். மேட்சிங் முட்டையை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. புருஷன் சீருடை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் நீள அறையின் வாசலில் நின்றிருந்தாள். கருநீலச் சட்டை, கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பாவாடை. கிளிப்பில் வெள்ளைப் புள்ளி, செருப்பு வாரில் வெள்ளைப் புள்ளி. அவள் கண்ணில் மை இட்டு அவன் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. அழகாக இருந்தாள். அந்த அவசரத்திலும் அவன் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது, அதை மறைக்க அவன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான்.

நாற்காலி முதுகில் கவுன் தொங்கியது, நன்றாகக் காய்ந்தது. மேஜையில் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது.

“கிளம்பியாச்சா?” என்றான்.

“ம்.”

“நான் லீவு சொல்லலை.”

“இப்ப சொல்லுங்க.”

“அவர் சாப்பிடலைன்னா?”

“நான் இங்க நிக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டார். நான் போனாத்தான் சாப்பிடுவார். நீங்களே பாருங்க.”

பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றவளின் உடுப்பைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி, கலைந்த முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். “வாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க, கவுண்டருக்கு ஆள் வரும்” என்றார். மகன் கிண்ணத்தை எடுத்து நீட்டியபோது உதட்டை இறுக்கிக்கொண்டார். “என்னப்பா இது, ஆள் நிக்கிறாங்க?”

மேட்சிங் புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. இந்த நிமிஷம் அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் அவள் போகமாட்டாள் என்று இருவருக்குமே தெரியும். கஞ்சியை ஆறவிட்டுவிட்டு, பசியோடு இருக்கிற கிழவரை விட்டுவிட்டு, அவளால் வாசல்படி தாண்ட முடியாது. புள்ளிப் பாவாடையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவாள். அப்புறம் முதலாளியம்மாவின் போன் வராது.

அவன் கவுனை எடுத்தான். ஒரு கையை விட்டான், இன்னொரு கையை விட்டான். தோளில் எங்கோ தையல் பிரிகிற சத்தம் கேட்டது. பொத்தான் நெஞ்சுவரைதான் மாட்டியது. முழங்காலுக்குக் கீழே சீருடைக் கால்சட்டையும் பூட்ஸும் தெரிந்தன. பெண்டாட்டி சிரிப்பாள் என்று பயந்து நிமிர்ந்து பார்த்தான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், ஆனால் அது சிரிப்பு இல்லை.

“போ” என்றான். “பஸ் போயிடும்.”

அவள் போனாள். வாசல் கதவு சாத்திக்கொண்டது. தெருவில் தையல்காரம்மாவின் குரல், “அடியே, மேட்சிங்கா?” என்று கேட்டது.

அவன் நடுக்கதவைச் சாத்திவிட்டு, கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியவர் கவுனைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மீசையோடு இருக்கிற இந்த முகத்தை எப்படி மறைப்பது என்று அவனுக்குத் தோன்றியது. பெரியவரின் பார்வை முகத்துக்கு வரவே இல்லை.

“இவ்வளவு நேரமா?” என்று வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. கஞ்சி தாடையில் வழிந்ததைக் கரண்டி ஓரத்தால் வழித்து உள்ளே விட்டான். யாரும் சொல்லித் தராமலே அது வந்தது. கவுனுக்குள்ளே கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கம்பெனியிலிருந்துதான் இருக்கும், எங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். எழுந்திருக்கப் பார்த்தான். பெரியவர் கவுன் பைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார்.

“எங்க போறே? இங்கயே இரு.”

அவன் உட்கார்ந்தான். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கூரைக் கம்பிகளையும் உப்பிப்போன சுவரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த அறையிலிருந்து தெரு தெரியாது என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கழுத்தில் திரைத்துணி அரித்தது.

“இந்தா” என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மா போயாச்சா?”

“யாரு?”

“இப்ப நின்னுச்சே, புள்ளி போட்ட பாவாடை. இன்னைக்குத்தான் காலைல வந்திருக்கு. மத்தியானம் மத்தியானம் வருமே, நீ பார்த்ததில்லையா? தினம் ஒரு உடுப்பு. அடுப்படி ஸ்டூல்ல வந்து உட்கார்ந்துக்கும், மடியில பையை வச்சுக்கிட்டு. துணி கேட்காது, ஒண்ணும் கேட்காது. நான் பார்த்தா கூச்சப்படுமேன்னு தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன்.”

கரண்டி நடுவழியில் நின்றது.

“எங்கேயோ போகத்தான் கிளம்பி வருது. ஆனா போகாது. சில நாள் அழும், சத்தம் வராம. அப்புறம் எழுந்து போகும். உடனே நீ டீ எடுத்துட்டு வந்துடுவே.”

அம்மாவின் கவுனுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவன் தன் பெண்டாட்டிக்காக முதல் தடவையாக அழுதான். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை.

“அதோட துணி ஏதாவது நம்மகிட்ட நின்னு போச்சா?” என்று கேட்டார். “பாரு. இருந்தா குடுத்தனுப்பிடு. பாவம், எத்தனை நாள் வந்து வந்து உட்காரும்?”

“குடுத்தாச்சு” என்றான்.

“வாங்கிக்கிச்சா?”

“வாங்கிட்டுப் போயிட்டா.”

“நல்லது” என்றார் பெரியவர். வாயைத் திறந்தார்.